குழந்தைகளோடு சொகுசுக் கப்பல்: இரவுச் சாப்பாடு 5:30-க்கா, 8 மணிக்கா?

மயிலைவாசி எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து ராயல் கரீபியன் கப்பலில் போகிறோம். நான்கு இரவு, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்ப சிங்கப்பூர். சென்னையிலிருந்து நான், கணவர், ஆறு வயது மகன், இரண்டரை வயது மகள், மாமனார், மாமியார். சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் குடும்பமும் சேர்ந்துகொள்கிறது. அவர்களுக்கு நான்கு வயதில் ஒரு பையன்.

எல்லாம் முடிந்துவிட்டது, ஒரு கேள்வி மட்டும் பாக்கி. பெரிய டைனிங் ரூமில் இரவுச் சாப்பாட்டுக்கு 5:30 வேண்டுமா, 8:00 வேண்டுமா, அல்லது தினமும் நாமே நேரம் குறித்துக்கொள்ளும் 'மை டைம்' வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஏஜென்ட் யோசிக்கவே இல்லை, "சின்னக் குழந்தைகள் இருக்காங்க, 5:30 போட்டுடுங்க" என்றார். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. வீட்டில் நாங்கள் ஏழரை, எட்டுக்குத்தான் சாப்பிடுவோம். மகள் மதியம் ஒன்றரைக்குத் தூங்கி மூன்றரைக்கு எழுவாள், இரவு ஒன்பதரைக்குப் படுப்பாள். மாமனாருக்குச் சர்க்கரை. மாமியார் சுத்த சைவம். குழந்தைகளோடு கப்பலில் போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்.

தோபாயோ தாத்தா எழுதியது:

வாம்மா. நான் சிங்கப்பூர்வாசி, பேரப் பிள்ளைகளோடு இங்கிருந்து கிளம்பும் கப்பல்களில் போகிறவன். என் ஓட்டு முதல் நேரத்துக்குத்தான்.

காரணம் சொல்கிறேன். பிள்ளைகள் பகலெல்லாம் நீச்சல் குளத்தில் கிடப்பார்கள். ஐந்து மணிக்கு மேலே கூட்டி வந்து குளிப்பாட்டினால் பசி பசி என்று குதிப்பார்கள். அந்தப் பசியோடு உட்காரவைத்தால் தட்டில் வைத்ததைச் சாப்பிடுவார்கள். எட்டு மணி என்றால் இடையில் பீட்சா, ஐஸ்கிரீம், பிஸ்கட் என்று எதையாவது கொடுத்துத்தான் தாக்காட்ட வேண்டும். அப்புறம் மேசைக்கு வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று, முதல் நேரத்தில் டைனிங் ரூம் முழுக்கக் குழந்தைக் குடும்பங்கள்தான். ஒரு கரண்டி கீழே விழுந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்து மேசையிலும் ஒரு கரண்டி விழுந்திருக்கும். ஏழு மணிக்கு முடித்துவிட்டு மேல்தளத்தில் ஒரு நடை, பிறகு படுக்கை. மறுநாள் காலை தெளிவாக எழுந்திருக்கலாம். பெரியவர்களுக்கும் சீக்கிரம் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது.

கடல்பணியாளர் எழுதியது:

நான் தூத்துக்குடி. பல வருடம் கப்பல் டைனிங் ரூமில் அசிஸ்டென்ட் வெயிட்டராகவும் பிறகு வெயிட்டராகவும் வேலை பார்த்தவன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் முடிவெடுப்பது சுலபம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

4,000 பேருக்கு மேல் போகிற கப்பலில் எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்காரவைக்க இடம் கிடையாது. நம்ம கல்யாணப் பந்தி மாதிரிதான், முதல் பந்தி, இரண்டாம் பந்தி. அட்லாண்டிக்கைக் கடந்த பழைய பயணிக் கப்பல்கள் காலத்திலிருந்தே இந்த வழக்கம் இருக்கிறது. 2000-இல் நார்வீஜியன் குரூஸ் லைன் 'ஃப்ரீஸ்டைல்' என்று ஆரம்பித்து, குறித்த நேரம், குறித்த மேசை என்பதையே எடுத்துவிட்டது. மற்ற கம்பெனிகளும் மெல்ல மெல்ல இரண்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டன. உங்களிடம் மூன்று வாய்ப்பு கேட்பது அதனால்தான்.

முதல் பந்தியில் ஒரு நெருக்கடி உண்டு. 5:30-க்கு உட்காருகிறவர்கள் ஏழு, ஏழே காலுக்கு எழுந்தால்தான் எட்டு மணிக்காரர்களுக்கு அதே மேசையைத் துடைத்து, துணி மாற்றி, கண்ணாடி வைத்துத் தயார் செய்ய முடியும். யாரும் உங்களை எழுப்ப மாட்டார்கள். ஆனால் பரிமாறும் வேகத்தில் அது தெரியும். குழந்தையை வைத்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டாம் பந்தி நல்லது. பின்னால் காத்திருக்க ஆள் கிடையாது. வேகமாக முடித்து ஓடவேண்டும் என்பவர்களுக்கு முதல் பந்தியின் வேகமே வசதி.

எந்தப் பந்தியானாலும் கதவு திறக்கும்போதே உள்ளே வந்துவிடுங்கள். ஒரு வெயிட்டரிடம் பல மேசைகள் இருக்கும். எல்லா மேசை ஆர்டரையும் எடுத்துக்கொண்டுதான் சமையலறைக்குப் போவார். முதலில் உட்கார்ந்தவர் ஆர்டர் முதல் சுற்றில் போகும். கால் மணி தாமதமாக வந்தால் அரை மணி தள்ளிப்போகும். குழந்தைக்கு அந்த அரை மணி ரொம்பப் பெரிசு.

அப்புறம், குழந்தையின் முக்கியச் சாப்பாட்டைப் பெரியவர்களின் ஸ்டார்ட்டரோடு சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் ஸ்டார்ட்டர், முக்கியச் சாப்பாடு, இனிப்பு என்ற மூன்று சுற்றையும் எல்லாருக்கும் ஒரே வரிசையில்தான் கொண்டுவருவோம். முதல் நாளே "உட்கார்ந்ததும் பிரெட், வெட்டின பழம்" என்று சொல்லிவைத்தால், மறுநாள் நீங்கள் வரும் முன்பே மேசையில் இருக்கும். குழந்தை உட்காரும் உயர நாற்காலியான ஹை சேரும் அப்படித்தான்.

பே ஏரியா அப்பா எழுதியது:

தாத்தா சொல்வது சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குச் சரி. ஆனால் மயிலைவாசி சென்னையிலிருந்து வருகிறார். இதை யாரும் கணக்கில் எடுத்த மாதிரி தெரியவில்லை.

சிங்கப்பூர் நேரம் சென்னைக்கு இரண்டரை மணி முன்னால். கப்பலில் மாலை 5:30 என்றால் உங்கள் மகளின் உடம்புக்கு மதியம் மூன்று. அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம். மூன்று மணிக்கு எழுப்பி, உடை மாற்றி, ஹை சேரில் உட்காரவைத்து, பாஸ்தா ஊட்டினால் எந்தக் குழந்தை சாப்பிடும்? எட்டு மணி என்றால் அவளுக்கு மாலை 5:30. தூங்கி எழுந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும், முகம் தெளிந்து பசிக்கத் தொடங்கும் நேரம். படுக்கப் போகும் ஒன்பதரை அங்கே நள்ளிரவு. ஆக, மேசையில் தூங்கி விழுவாள் என்ற பயமே உங்களுக்கு வேண்டாம்.

நாங்கள் கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். ஃப்ளோரிடாவில் போர்ட் கனாவெரலிலிருந்து டிஸ்னி கப்பலில் போனபோது இதை நன்றாக உணர்ந்தோம். அங்கே நேரம் எங்களுக்கு மூன்று மணி முன்னால். டிஸ்னியில் 5:45, 8:15 என்று இரண்டு நேரம். 5:45 எங்கள் பிள்ளைகளுக்கு 2:45, மதியச் சாப்பாடே ஜீரணமாகி இருக்காது. 8:15 எடுத்தோம், அருமையாகப் போயிற்று. அதே பிள்ளைகளை சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்குக் கூட்டிப்போனபோது கதை தலைகீழ். அலாஸ்கா நேரம் எங்களுக்கு ஒரு மணி பின்னால். கப்பலில் 5:30 என்றால் அவர்களுக்கு 6:30, வீட்டில் சாப்பிடும் அதே நேரம். அங்கே முதல் நேரம்தான் பொருந்தியது. (ஜூனில் ஜூனோ பக்கம் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் தூங்கவைக்க வேண்டும்.)

அதனால் கப்பல் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் ஊரில் மணி என்ன, அப்போது உங்கள் குழந்தை வழக்கமாக என்ன செய்துகொண்டிருக்கும் என்று பாருங்கள்.

டிஸ்னியில் இன்னொரு வசதி, இரண்டாவது நேரத்துக்கு வரும் மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் பரிமாறிவிடுவார்கள். சாப்பிட்டு முடிந்ததும், பிள்ளைகளை விளையாடவைத்துப் பார்த்துக்கொள்ளும் கிட்ஸ் கிளப்பின் ஊழியர்களே டைனிங் ரூமுக்கு வந்து அழைத்துப் போய்விடுவார்கள். ராயல் கரீபியனிலும் இந்த மாதிரி ஏற்பாடு இருந்திருக்கிறது. உங்கள் கப்பலில் இருக்கிறதா என்று ஏறியதும் கிளப்பில் கேளுங்கள்.

மயிலைவாசி எழுதியது:

இரண்டரை மணி நேர வித்தியாசம் தெரியும், ஆனால் இப்படி வைத்துப் பார்க்கவே இல்லை. ரொம்ப நன்றி.

ஆனால் இதனால் வேறு சிக்கல் வருகிறது. நாத்தனார் பையன் சிங்கப்பூர்க் குழந்தை. ஆறரைக்குச் சாப்பிட்டு எட்டரைக்குப் படுக்கிறவன். எங்களுக்கு எட்டு மணி சரி என்றால் அவனுக்கு அது தூங்கும் நேரம். மாமியாருக்கோ மகன் குடும்பமும் மகள் குடும்பமும் தினமும் ஒரே மேசையில் சாப்பிட வேண்டும் என்று ரொம்ப ஆசை. அவர் இந்தப் பயணத்துக்கு ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான். இதை எப்படிச் சமாளிப்பது?

கிட்ஸ் கிளப் எத்தனை வயதிலிருந்து என்றும் சொல்லுங்கள். மகளை விட முடியுமா?

ஸ்கார்பரோ சித்தி எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நாங்கள் கனடாவில் இருந்து பெரிய கூட்டமாகப் போகிறவர்கள். அம்மம்மா, மச்சாள்மார், பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஃப்ளோரிடாவில் ஏறிக் கரீபியன் தீவுகளுக்குப் போவோம். டொராண்டோ நேரமும் மயாமி நேரமும் ஒன்றுதான், அதனால் எங்களுக்கு நேர வித்தியாசம் ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. கூட்டம்தான் பிரச்சினை.

கிளப் கேள்விக்கு முதலில் பதில். ராயல் கரீபியனில் 'அட்வென்ச்சர் ஓஷன்' கிளப்புக்கு மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், டயப்பர் இல்லாமல் தானே கழிவறைக்குப் போகப் பழகியிருக்க வேண்டும். இதில் அவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மகனும் நாத்தனார் பையனும் போகலாம், மகள் போக முடியாது. ஆறு மாதத்தில் இருந்து மூன்று வயது வரையான பிள்ளைகளுக்குச் சில கப்பல்களில் தனி நர்சரி உண்டு, அதற்கு மணிக்கணக்கில் காசு. இடம் குறைவு, ஏறின அன்றே பதிய வேண்டும்.

கிளப் பெரும்பாலும் கடல் நாட்களில் (எந்தத் துறைமுகத்திலும் நிற்காத நாட்கள்) பின்னேரம் ஐந்துக்கு மூடி, ஏழுக்குத் திறந்து, பத்து வரைக்கும் இருக்கும். இந்த ஐந்து முதல் ஏழு வரையான இடைவெளியை வைத்துத்தான் நாங்கள் திட்டம் போடுவோம். ஆறு மணிக்குப் பிள்ளைகளைப் பஃபேக்குக் கூட்டிக்கொண்டுபோய், அவர்களுக்குப் பிடித்ததைச் சாப்பிட வைப்போம். ஏழு மணிக்குக் கிளப்பில் விடுவோம். எட்டு மணிக்குப் பெரியவர்கள் ஆறுதலாக இருந்து சாப்பிடுவோம். அம்மம்மாவோடு இரண்டு மணித்தியாலம் இடையூறு இல்லாமல் கதைக்கக் கிடைப்பது வீட்டில் நடக்காத காரியம். வீட்டில் பிள்ளைகளுக்கு ஓடி ஓடித் தீத்தி முடிக்க எங்கள் சோறு ஆறிப்போய் இருக்கும். கப்பலிலாவது சூடாகச் சாப்பிட வேண்டாமா?

ஐரோப்பியக் கப்பல்களில் இந்த முறை இன்னும் கட்டாயமாக வேண்டும். மத்தியதரைக் கடலில் ஓடுகிற இத்தாலியக் கப்பல்களில் முதல் நேரமே ஏழு மணிக்குக் கிட்ட வரும், இரண்டாவது ஒன்பது மணி அளவில்.

கோவை இரட்டையர் அம்மா எழுதியது:

சித்தி சொல்வது மூன்று வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கு. இரண்டு, இரண்டரை வயதுக்கு நான் வேறு மாதிரி சொல்வேன்.

இந்த வயதில் ஒன்றரை மணி நேரம் ஒரு நாற்காலியில் உட்காரவைப்பது குழந்தைக்கே சிரமம். டைனிங் ரூம் சாப்பாடு மூன்று சுற்று. ஸ்டார்ட்டருக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருபது நிமிடம் வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் இரட்டையருக்கு அது முடியவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. இரண்டு இரவு டைனிங் ரூம், மற்ற இரவுகளில் பஃபே என்று வைத்துக்கொண்டோம். பஃபேயில் குழந்தை எழுந்து நடந்தால் நாமும் கூடவே நடக்கலாம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கடலைக் காட்டிக்கொண்டே ஊட்டலாம். காத்திருப்பே கிடையாது.

குறித்த நேரம் எடுத்துவிட்டோமே, போகாவிட்டால் பணம் வீண் என்று நினைக்காதீர்கள். டைனிங் ரூமும் பஃபேயும் டிக்கெட்டிலேயே அடங்கியவை, எங்கே சாப்பிட்டாலும் ஒன்றுதான். வராத இரவுக்கு வெயிட்டரிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்.

மை டைம் எடுத்தால் ஆறரை, ஏழு மணிக்கு வாசலில் வரிசை நிற்கும். முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். கைக்குழந்தையோடு வரிசையில் நிற்பதைப் போல அலுப்பு வேறில்லை.

தோபாயோ தாத்தா எழுதியது:

பே ஏரியா தம்பி சொன்ன நேரக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். நான் இங்கேயே இருக்கிற பிள்ளைகளை வைத்துச் சொன்னேன். ஆனால் மயிலைவாசி, கப்பலுக்கு முன்னால் சிங்கப்பூரில் சில நாள் தங்குகிறீர்களா? விலங்குத் தோட்டம், செந்தோசா தீவு என்று சுற்றினால் பிள்ளைகள் பாதி இங்கத்திய நேரத்துக்கு மாறிவிடுவார்கள். அப்போது 8 மணி அவர்களுக்கு ஆறரை, ஏழு மாதிரி இருக்கும். அதுவும் உங்களுக்குச் சாதகம்தான்.

சித்தி சொன்ன முறையில் எனக்கு மனம் போகவில்லை. பிள்ளைகளைத் தனியாகச் சாப்பிட வைத்துக் கிளப்பில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் மட்டும் உட்காருவதற்கு, பாட்டி தாத்தாவை எதற்குக் கூட்டிப்போக வேண்டும்? பேரன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் மீனை வேண்டாமென்று தள்ளுவதையும், வெயிட்டர் நாப்கினை மடித்து அவனுக்குத் தொப்பி செய்து தருவதையும் பார்ப்பதுதான் எங்களுக்குப் பயணம். தினமும் வேண்டாம், சில வேளையாவது குழந்தைகள் மேசையில் இருக்கட்டும்.

ஸ்கார்பரோ சித்தி எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாங்களும் பெரிய உடுப்பு உடுத்துகிற ஃபார்மல் இரவில் பிள்ளைகளையும் இருத்திக்கொண்டுதான் சாப்பிடுவோம், அம்மம்மாவோடு படம் எடுக்க வேண்டுமே. மற்ற நாளில் தாய்மாருக்கும் ஒரு ஓய்வு வேண்டும். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடல்பணியாளர் எழுதியது:

மயிலைவாசி அக்காவின் நாத்தனார் கேள்விக்கு வருகிறேன். ஒரே குடும்பத்தில் இரண்டு ஊர் நேரத்தில் குழந்தைகள் இருந்தால், எல்லாரையும் ஒரே இரவு மேசைக்கு இழுத்தால் யாராவது ஒரு குழந்தை அழும். அழுகிற குழந்தையின் அம்மா சாப்பிடாமல் கேபினுக்குப் போய்விடுவார். கடைசியில் மாமியார் ஆசைப்பட்ட மேசையில் பாதி நாற்காலி காலி. பரிமாறுகிற இடத்திலிருந்து இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆசையை இரவுச் சாப்பாட்டின் மேல் கட்டாதீர்கள். நான்கு இரவுப் பயணத்தில் எந்தத் துறைமுகத்திலும் நிற்காத ஒரு கடல் நாள் வரும். அன்றைக்குக் காலையில் பெரிய டைனிங் ரூமைத் திறந்து உட்காரவைத்துப் பரிமாறுவார்கள், பல கப்பல்களில் மதியமும் உண்டு. நேரக் கட்டுப்பாடு அவ்வளவாக இல்லை, கூட்டம் பஃபேக்குப் போய்விடும். சிங்கப்பூர் நேரம் ஒரு மணிக்கு மதியச் சாப்பாடு என்றால் உங்கள் மகளுக்குக் காலை பத்தரை, நாத்தனார் பையனுக்குச் சரியான மதியப் பசி. இரண்டு குழந்தையும் தெளிவாக இருக்கும் நேரம் அது. எல்லாரும் ஒரு பெரிய வட்ட மேசையில் உட்காரலாம். முந்தின நாளே இத்தனை பேர் வருவோம் என்று சொல்லிவைத்துவிடுங்கள்.

இரவுக்கு, நாத்தனார் குடும்பம் 5:30, நீங்கள் 8:00 என்று வைத்துக்கொண்டால் ஏழிலிருந்து எட்டுவரை இரண்டு குடும்பமும் சும்மா இருப்பீர்கள். அவன் சாப்பிட்டு முடித்திருப்பான், உங்கள் மகள் இன்னும் உட்கார்ந்திருக்க மாட்டாள். டிசம்பரில் அந்தப் பக்கம் சூரியன் ஏழு மணிவாக்கில்தான் மறையும். பாட்டியும் பேரக் குழந்தைகளும் மேல்தளத்தில் இருக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

மாமியாரின் சைவச் சாப்பாட்டுக்கும் குறித்த நேர மேசைதான் நல்லது, மை டைம் அவ்வளவு தோதில்லை. குறித்த நேரம் என்றால் தினமும் அதே மேசை, அதே வெயிட்டர், அதே ஹெட் வெயிட்டர். முதல் இரவு ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டு, "முட்டையும் கிடையாது, நாளைக்குச் சாதம், பருப்பு, தயிர், ஒரு காய் வேண்டும்" என்று சொன்னால் மறுநாளைக்குச் சமையலறையில் எழுதிப் போட்டுவிடுவார். பெரிய கப்பல்களில் இந்தியச் சமையல்காரர் இல்லாமல் இருப்பது அரிது. தயிர் சாதம் கேட்டால் நம்ம ஊர் மாதிரியே தாளித்துக்கூடக் கொடுப்பார்கள், ஆனால் முந்தின நாள் சொல்ல வேண்டும். மை டைமில் மேசையும் ஆளும் மாறிக்கொண்டே இருந்தால் தினமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். வேண்டுமென்றால் அதே வெயிட்டரைக் கேட்டு வாங்கலாம், கிடைத்தால் உண்டு.

கேபினில் வைத்துச் சாதம் வடிக்கலாம் என்று சின்னக் குக்கரோ, கெட்டிலோ எடுத்துவராதீர்கள். சூடாக்கும் எந்தக் கருவியும் அனுமதி இல்லை, ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். மூடி சீல் வைத்த பேபி ஃபுட், பால் பவுடர் கொண்டுவரலாம். வெந்நீர் பஃபேயில் எப்போதும் கிடைக்கும்.

மாமனார் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எந்த நேரத்தில் எடுப்பது என்று கிளம்பும் முன் அவருடைய டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டரை மணி வித்தியாசத்தைச் சொல்லியே கேளுங்கள். எட்டு மணிவரை எல்லாருக்காகவும் காத்திருக்க வேண்டும் என்று அவரைக் கட்டிப்போடாதீர்கள். மாலையில் பஃபேக்குப் போய் ஏதாவது சாப்பிடட்டும், பிறகு எட்டு மணி மேசையில் சூப்பும் மீனும் போதும்.

பே ஏரியா அப்பா எழுதியது:

துறைமுக நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பினாங்கில் கப்பல் ஜார்ஜ்டவுன் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும், அங்கிருந்து லிட்டில் இந்தியா நடந்துபோகிற தூரம். மாமியார் கண்டிப்பாக வாழையிலைச் சாப்பாடு கேட்பார். மதியம் இரண்டு மணிக்கு அதைச் சாப்பிட்டுவிட்டு 5:30-க்கு யாருக்குப் பசிக்கும்? எட்டு மணி எடுத்தவர்களுக்கு அன்றைக்கு வசதி. நாத்தனார் குடும்பம் அன்று மட்டும் டைனிங் ரூமை விட்டுவிட்டுப் பிறகு பஃபே போகலாம்.

புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் ஏற்றி இறக்குவார்கள். திரும்பும்போது படகுக்கு வரிசை. மணலும் உப்புத் தண்ணியுமாக வந்து குழந்தையைக் குளிப்பாட்ட நேரம் வேண்டும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினாலும் உங்கள் போன் தாய்லாந்து சிக்னல் பிடித்துத் தானாக மாறிவிடும். போனைப் பார்த்துவிட்டு மணி ஏழுதான் ஆகிறது என்று இருந்தால், டைனிங் ரூமில் எட்டு அடித்திருக்கும். அது பரவாயில்லை, கடைசிப் படகை விட்டுவிடக் கூடாது. மாமனாரின் கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்துவிடுங்கள், எல்லாரும் அதையே பார்க்கட்டும்.

ஷோ நேரத்தையும் பாருங்கள். ஒரே ஷோவை ஒரு இரவில் இரண்டு முறை போடுவார்கள். டிஸ்னியில் எங்களுக்கு முதலில் ஷோ, பிறகு சாப்பாடு என்று அமைந்தது. பிள்ளைகள் முழு விழிப்பில் ஷோ பார்த்தார்கள். உங்கள் கப்பலில் எட்டு மணிச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஷோ பத்து மணி அளவில் வரலாம். உங்கள் பையனுக்கு அது ஊர் நேரம் ஏழரைதான், தாராளமாகப் பார்க்கலாம்.

மயிலைவாசி எழுதியது:

எல்லாருடைய பதிலையும் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். மாமியார் தோபாயோ தாத்தா எழுதியதை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்.

நாங்கள் 8:00, நாத்தனார் குடும்பம் 5:30 என்று முடிவு செய்துவிட்டோம். கடல் நாள் மதியம் எல்லாரும் ஒரே மேசை. அன்றைக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொள்வதாக மாமியார் சொல்லிவிட்டார், இரவு வரை காத்திருக்கப் போவதில்லையாம். புக்கெட் அன்று குழந்தைகள் களைத்திருந்தால் டைனிங் ரூம் கிடையாது, நேராகப் பஃபே. மாமனாருக்கு டாக்டரிடம் இந்த வாரமே நேரம் வாங்கியிருக்கிறோம்.

நாத்தனார் மட்டும் ஒன்று கேட்கிறார். இரண்டு பதிவையும் ஏஜென்ட் ஏற்கெனவே ஒன்றாக இணைத்து வைத்திருக்கிறார். நேரம் வேறு வேறாகப் போட்டால் அது குழம்புமா? 8:00 இப்போது 'வெயிட்லிஸ்ட்' என்று வேறு காட்டுகிறது.

கடல்பணியாளர் எழுதியது:

பதிவை இணைப்பது பக்கத்துக் கேபின், ஒரே மேசை இதற்கெல்லாம் உதவும். நேரம் வேறு வேறாக இருக்க வேண்டுமென்றால் ஏஜென்டிடம் சாப்பாட்டு மேசைக்கான இணைப்பை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒருவரை மாற்றும்போது மற்றவரும் கூடவே மாறிவிட வாய்ப்பு உண்டு.

வெயிட்லிஸ்ட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புறப்படும் வரை ஆட்கள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கப்பல் கம்பெனியின் மொபைல் ஆப்பில் அவ்வப்போது பாருங்கள். ஏறுகிற நாள் வரைக்கும் கிடைக்காவிட்டால், கேபினுக்குப் போகும் முன் நேராக டைனிங் ரூமுக்குப் போங்கள். அன்று மதியம் அங்கே மேசை மாற்றித் தருவதற்கென்றே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். இரண்டரை வயதுக் குழந்தை, ஊர் நேரம் இது, தூங்கும் நேரம் இது என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். கணவர் வரிசையில் நிற்கட்டும், நீங்கள் குழந்தைகளோடு சாப்பிடப் போய்விடுங்கள். அப்படியும் இடமில்லை என்றால் மை டைமில் 7:45, இல்லாவிட்டால் 8:15 என்று எல்லா இரவுக்கும் அங்கேயே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள், தினமும் அதே பகுதி மேசை வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.